இரண்டு வீட்டு அம்புலிமாமா

எனக்கும் என் தோழி ஒருத்திக்கும் பொதுவாக ஒரு புத்தகம் இருக்கிறது. இருவருக்கும் பிடித்தது என்பதோடு, பாகம் பிரிக்க முடியாத பூர்வீகச் சொத்தைப் போல அது எங்கள் இருவருக்கும் உரியது. அம்புலிமாமா என்ற சிறுவர் மாதப் பத்திரிகையின், 1970களின் நடுவில் வெளிவந்த ஓராண்டு இதழ்களை ஒன்றாகத் தைத்து, அட்டை போட்டு, முதுகில் பச்சைக் காலிகோ ஒட்டிய தொகுப்பு அது. முதன்முறையாகப் புரட்டுகிறவர், பைண்டு செய்தவர் ஏதோ குழப்பிவிட்டார் என்றுதான் நினைப்பார். ஜனவரி இதழ் தமிழில் இருக்கும். பிப்ரவரி இதழ் சந்தமாமா என்ற பெயரோடு தெலுங்கில் இருக்கும். மார்ச்சும் ஏப்ரலும் தமிழ், மே மாதம் மீண்டும் தெலுங்கு. தொடர்கதை மட்டும் எங்கும் அறுபடாமல், தமிழில் மலையேறிய வீரன் தெலுங்கில் இறங்கி வருவதாக, ஆண்டு முழுவதும் ஓடிக்கொண்டிருக்கும். அதை முழுதாகப் படிக்க வேண்டுமென்றால் ஒருவருக்கு இரண்டு எழுத்தும் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பேர் வேண்டும். நாங்கள் இரண்டு பேர் இருந்தோம்.

எங்கள் ஊர் ஏகாம்பரகுப்பம். அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா செல்லும் ரயில் பாதையில் திருத்தணியையும் பொன்பாடியையும் தாண்டியதும் ஆந்திரம் தொடங்கிவிடுகிறது. வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை என்று ஒரே மூச்சில் சொல்ல முடியாத பெயர் கொண்ட நிலையம் வரும், அதற்கடுத்து நகரி, அதற்கும் அடுத்தது எங்கள் நிலையம். 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் அந்தப் பக்கம் போயிற்று. எல்லைப் போராட்டங்களும் எல்லைத் தகராறைத் தீர்க்க வந்த படாஸ்கரின் பரிந்துரையும் கடந்து, 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்து சேர்ந்தது, நகரி வரவில்லை. அதனால் தெருவுக்குள் எதுவும் மாறிவிடவில்லை என்று எங்கள் ஆயா சொல்வார். தறிச் சத்தம் இல்லாத வீடு எங்கள் தெருவில் குறைவு; அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரு வீட்டில் தமிழும் அடுத்த வீட்டில் தெலுங்குமாகப் பேச்சு நடக்கும், தேவைப்பட்டால் மாற்றிக்கொள்ளும். ஆனால் படிப்பு என்று வந்தால் இரண்டு வழி. நான் தமிழ் வழியில் சேர்க்கப்பட்டேன், அவள் தெலுங்கு வழியில். ஆகவே எட்டு ஒன்பது வயது வரை எங்கள் நிலைமை இதுதான்: இரண்டு மொழியும் இருவருக்கும் பேச வரும், எழுத்து மட்டும் ஆளுக்கொன்றுதான் தெரியும்.

புத்தகம் இப்படிக் கலந்து உருவானதற்கு இந்த நிலைமையும் காரணம், நூல் வியாபாரமும் காரணம். தெலுங்குச் சந்தமாமா நகரியிலேயே கடைக்கு வரும். தமிழ் அம்புலிமாமா வேண்டுமென்றால், அப்பா நூல் எடுக்கத் திருத்தணிக்கோ அரக்கோணத்துக்கோ போகும்போது வாங்கி வந்தால்தான் உண்டு. தறி ஓடும் மாதங்களில் அப்பா போவார், நெசவு மந்தமான மாதங்களில் போக மாட்டார். அவர் போகாத மாதம் அவள் வீட்டில் தெலுங்கு இதழை வாங்கினார்கள். அப்பா வாங்கி வந்த மாதம் அவர்கள் வாங்கவில்லை. ஒரே கதைக்கு இரண்டு வீட்டிலும் ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று அவளுடைய தாத்தா கேட்டார். அந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டிலும் பதில் இருக்கவில்லை. ஆண்டு முடிந்ததும் அந்தத் தாத்தாதான் இதழ்களைக் கோத்து, பாவு நூலை முறுக்கித் தைத்து, மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து அட்டை ஒட்டினார். ஐம்பது ஆண்டு நெருங்கியும் பூச்சி அரிக்காமல் இருப்பதற்கு அந்த மயில்துத்தத்தைத்தான் புகழ வேண்டும்.

இரண்டு மொழி இதழ்களையும் இப்படிக் கோத்தாலும் கதை கெடாமல் ஓடியது தற்செயலன்று. அந்தப் பத்திரிகை அவ்வாறு தயாரிக்கப்பட்டது. 1947 ஜூலையில், நாடு விடுதலை அடைவதற்கு முந்தைய மாதம், திரைப்படத் தயாரிப்பாளர்களான நாகி ரெட்டியும் சக்ரபாணியும் சென்னையிலிருந்து அதைத் தமிழிலும் தெலுங்கிலும் ஒருசேரத் தொடங்கினார்கள். மற்ற மொழிகள் பிறகு வந்தன. மலையாளத்தில் அது அம்பிளி அம்மாவன் ஆயிற்று. வடபழனியில் ஒரு பக்கம் படப்பிடிப்புத் தளங்கள், இன்னொரு பக்கம் அச்சகமும் ஆசிரியர் குழுவும். அதே முதலாளிகள்தாம் ஒரே அரங்கமைப்பில் தமிழ்ப் படத்தையும் தெலுங்குப் படத்தையும் அடுத்தடுத்து எடுத்தவர்கள் என்பதை நினைத்தால், பத்திரிகையிலும் அவர்கள் அதே கணக்கைத்தான் போட்டிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. பெரும்பாலும் கதையைத் தெலுங்கில் எழுதிச் செப்பம் செய்துவிட்டுப் பிற மொழிகளில் பெயர்ப்பார்கள். படம் எல்லா மொழிக்கும் ஒன்றே. படம் ஒன்றாக இருப்பதால் பக்கமும் ஒன்றாக இருந்தாக வேண்டும். பக்கம் ஒன்றாக இருப்பதால் எந்த மொழியிலும் கதை அந்தப் படத்தைத் தாண்டி முன்னால் ஓடிவிட முடியாது. செலவைக் குறைக்கச் செய்த ஏற்பாடுதான். ஆனால் எங்கள் திண்ணையில் அதன் பலன் வேறு. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், எழுத்துத் தெரியாதவளுக்கும் கதை எந்த இடத்தில் நிற்கிறது என்பது தெரிந்துவிடும். வாசிக்கிறவள் ஏமாற்ற முடியாது.

ஏமாற்றப் பார்த்ததுண்டு. தமிழ் மாதமென்றால் நான் மடியில் வைத்துக்கொண்டு வாசிப்பேன். அவள் தோளுக்கு மேலிருந்து படத்தைப் பார்ப்பாள். தெலுங்கு மாதம் முறை மாறும். கதை கொஞ்சம் சோர்வாகப் போனால் வாசிக்கிறவள் தன் சொந்தச் சரக்கைச் சேர்ப்பாள்: இராட்சதனுக்கு இன்னொரு தலை முளைக்கும், அரசனின் சமையற்காரன் திடீரென்று பேசத் தொடங்குவான். படத்தில் இல்லாத தலை கதையில் மட்டும் எப்படி வந்தது என்று கேட்கிறவள் பிடித்துக்கொள்வாள். பிறகு சண்டை, பிறகு மறுபடியும் முதலிலிருந்து வாசிப்பு. எனக்கு இன்றும் சில கதைகளில் எது பத்திரிகையில் இருந்தது, எது அவள் சேர்த்தது என்று பிரிக்க வராது. தெலுங்கு மாதங்களின் கதைகள் அவளுடைய குரலில்தான் நினைவிருக்கின்றன.

எழுத்தைக் கற்றுக்கொண்டதும் பொறுமையின்மையால்தான். தெலுங்கு எனக்குப் பள்ளியில் பாடமாக வருவதற்கு முன்பே, அவள் வயல் வேலைக்கோ உறவுக்காரர் கல்யாணத்துக்கோ போய்விட்ட விடுமுறை நாட்களில், தொடர்கதையில் மந்திரவாதியின் குகைக்குள் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று தெரியாமல் இருக்க முடியாமல், தலைப்பு எழுத்துகளிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தேன். பேச்சு தெரிந்திருந்ததால் பாதிச் சொல்லைக் கூட்டும்போதே மீதிச் சொல் வந்துவிடும். அவள் தமிழைப் பிடித்ததும் இப்படித்தான். ஒருத்தி தனியாகவே இரண்டையும் படித்துவிடக்கூடும் என்ற நிலை வந்த பிறகும் நாங்கள் சேர்ந்து வாசிப்பதை விடவில்லை என்பதுதான் எனக்கு இப்போது வியப்பாக இருக்கிறது.

ஒவ்வொரு மாதமும் எல்லாவற்றுக்கும் முன்னால் நாங்கள் போவது வேதாளக் கதைக்கு. மரத்தில் தொங்கும் பிணத்தை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு விக்கிரமன் மயானத்தை நோக்கி நடக்கிறான். பிணத்துக்குள் இருக்கும் வேதாளம் வழி களைப்புத் தெரியாமலிருக்க ஒரு கதை சொல்கிறது. கதையின் முடிவில் ஒரு கேள்வி. விடை தெரிந்தும் சொல்லாமலிருந்தால் தலை வெடித்துவிடும். வாய் திறந்தால் மௌனம் கலைந்து வேதாளம் தப்பிவிடும். இந்தப் பொறியமைப்பைக் கண்டுபிடித்தவர் எந்தக் காலத்தவரோ, கதை சொல்லும் தொழிலின் முழு இரகசியமும் அவருக்குத் தெரிந்திருந்தது. கேள்வி வந்ததும் வாசிப்பவள் புத்தகத்தை மூடிவிட வேண்டும் என்பது எங்கள் சட்டம். மற்றவள் தீர்ப்புச் சொல்ல வேண்டும், காரணத்தோடு. பிறகு வாசித்தவள் தன் தீர்ப்பைச் சொல்வாள். கடைசியில்தான் அரசனுக்கு வாய்ப்பு. அரசன் சொன்னது எங்கள் இருவருடைய தீர்ப்போடும் ஒத்துப்போகாத மாதங்கள் நிறைய இருந்தன, அப்போது அரசனையும் சேர்த்து விசாரித்தோம்.

அவளுடைய தாத்தாவுக்குப் பழைய வேதாளக் கதைகள் பல மனப்பாடம். பத்திரிகையில் வருகிறவை பெரும்பாலும் அந்தச் சட்டத்துக்குள் புதிதாக எழுதிச் செருகியவை, மூலத்தில் உள்ளவை இருபத்தைந்துதான் என்று அவர்தான் எங்களுக்குச் சொன்னார். இறந்துபோன பெண்ணின் மூன்று காதலர் கதையை அவர் சொல்லிக் கேட்டிருக்கிறோம். ஒருவன் அவளுடைய சாம்பலின் மேலேயே படுத்துக் கிடந்தான். ஒருவன் எலும்பைக் கங்கைக்கு எடுத்துப் போனான். ஒருவன் ஊர் ஊராக அலைந்து உயிர்ப்பிக்கும் மந்திரத்தைக் கற்று வந்தான். பெண் எழுந்துவிட்டாள்; யாருக்கு மனைவி? உயிர் கொடுத்தவன் தகப்பன் முறை, எலும்பைக் கரைத்தவன் மகன் முறை, சாம்பலோடு கிடந்தவனே கணவன் என்பது விக்கிரமனின் தீர்ப்பு. எனக்கு அது சரியென்று பட்டது. அவள், எழுந்து உட்கார்ந்த பெண்ணை ஏன் யாரும் கேட்கவில்லை என்றாள். தாத்தாவிடம் அதற்கு விடை இல்லை, அவர் தலையும் வெடிக்கவில்லை.

மூலத்தின் கடைசிக் கதைதான் எங்கள் தெருவில் பெரிய சிரிப்பை எழுப்பியது. ஒரு தகப்பனும் மகனும் காட்டுவழியில் இரண்டு பெண்களின் அடிச்சுவடுகளைப் பார்க்கிறார்கள். பெரிய அடிக்காரியைத் தகப்பனும் சிறிய அடிக்காரியை மகனும் மணப்பது என்று பேசிக்கொள்கிறார்கள். போய்ப் பார்த்தால் பெரிய அடி மகளுடையது, சிறிய அடி தாயுடையது. சொன்ன சொல்லை மீறாமல் கல்யாணம் நடக்கிறது. அந்த இரண்டு தம்பதிக்கும் பிறக்கும் குழந்தைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை? விக்கிரமன் இதற்கு மட்டும் விடை தெரியாமல் மௌனமாக நடந்தான், அதனால்தான் வேதாளம் அவனுக்கு வசப்பட்டது என்று தாத்தா முடித்தார். கேட்டுக்கொண்டிருந்த எங்கள் ஆயா, இதற்கா ஒரு ராஜா வாயடைத்துப் போனான் என்றார். அக்கா மகளைக் கட்டுவது தமிழ் வீட்டிலும் தெலுங்கு வீட்டிலும் வழக்கமாக இருந்த ஊர் அது. பேத்தியே மருமகளாக வந்த வீட்டில் முறை சொல்லிக் கூப்பிட்டுப் பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு பெரிதாகத் தோன்றவில்லை. ஆயாவும் அவளுடைய அவ்வாவும் விரல்விட்டு எண்ணி, ஒரு பக்கமாகப் பார்த்தால் சித்தப்பா, மறுபக்கமாகப் பார்த்தால் அக்கா மகன் என்று விடையைக் கண்டுபிடித்து, தறிக்குத் திரும்பினார்கள்.

பத்திரிகையில் அந்தக் கடைசிக் கதைக்கு அவசரமே இல்லை என்பதைப் பிற்பாடுதான் யோசித்தேன். விக்கிரமனுக்கு ஒருமுறை விடை தெரியாமல் போய்விட்டால் தொடர் முடிந்துவிடும். ஆகவே பல பத்தாண்டுகள் அவனை அறிவாளியாகவே வைத்திருந்து, மாதந்தோறும் மரத்துக்கே திருப்பி அனுப்பினார்கள்.

அந்த மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேதாளம் முருங்கை மரம் ஏறியது என்பது நம் ஊர்ப் பேச்சு. அவள் வீட்டுக் கொல்லையில் முருங்கை இருந்தது. காய் பறிக்க ஏறிய பையன் கிளையோடு விழுந்து கையை ஒடித்துக்கொண்டதை இருவரும் பார்த்திருக்கிறோம். பிணத்தையும் தாங்கி, ஏறி வரும் அரசனையும் தாங்குகிற முருங்கை உலகத்தில் இல்லை என்பது அவள் வாதம். புத்தகத்தில் சங்கர் வரைந்திருந்த படம் அவளுக்குச் சாட்சி. ஒரு கையில் உருவிய வாளோடு, தோளில் வெண்ணிறத் தலைமயிர் தொங்கும் வேதாளத்தோடு, தரையில் மண்டையோடுகளும் பாம்பும் கிடக்க விக்கிரமன் நடக்கிறான். அங்கே நிற்கும் மரம் எந்த வீட்டுக் கொல்லைக்கும் அடங்காதது. சங்கர் என்ற பெயரில் வரைந்த கே. சி. சிவசங்கரன் தாராபுரம் பக்கத்துக்காரர், சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். 1950களின் தொடக்கத்தில் அங்கே சேர்ந்து, பத்திரிகை தளர்ந்துபோகும் வரை வரைந்துகொண்டிருந்தார். 2020இல் தொண்ணூற்றாறு வயதில் மறைந்தார். அடுத்த ஆண்டு பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அவர் படத்தில் தூண், வாள்பிடி, சேலைக் கரை என எதுவும் பெயருக்கு இருக்காது. நெசவுக்காரர் வீட்டுப் பெண்களான நாங்கள் அவர் வரைந்த கரைகளை உற்றுப் பார்த்து, இது தறியில் வருமா வராதா என்று பேசியிருக்கிறோம்.

அவளுக்குச் சங்கரைவிட, அங்கே வரைந்த இன்னோர் ஓவியரான சித்ராவின் கோடுகள்தாம் பிடிக்கும். தொடர்கதைகளின் மந்திரவாதிகள், பறக்கும் விலங்குகள், பாதி மனிதர்கள் எல்லாம் அவர் கையில் பிறந்தவை. அந்தத் தொடர்களை எழுதிய தாசரி சுப்பிரமணியம் என்பவரின் பெயரை நாங்கள் நடுவயதைத் தாண்டிய பிறகே அறிந்தோம். பத்திரிகையில் எழுதியவர் பெயரே இருக்காது. அதேபோல், 1952 முதல் 1980இல் இறக்கும் வரை தெலுங்குப் பதிப்பின் எழுத்தையெல்லாம் தன் கையால் திருத்திய கொடவடிகண்டி குடும்பராவ் ஒரு மார்க்சியர் என்று தெரிந்தபோது, அவள் உடனே எனக்குத் தொலைபேசியில் சொன்னாள். பேயையும் பூதத்தையும் நம்பாத ஒருவர் மாதந்தோறும் எங்களுக்குப் பேயையும் பூதத்தையும் கொடுத்திருக்கிறார். எனக்கு அதில் முரண் தெரியவில்லை. அந்தக் கதைகளில் பூதம் வந்தாலும் சிக்கலைத் தீர்ப்பது பெரும்பாலும் ஆளின் புத்திதான். வரம் வாங்கியவன் தோற்பான், யோசித்தவன் தப்பிப்பான். அவரே செருகியதோ, வாய்மொழிக் கதைகளிலேயே இருந்ததோ, எங்களுக்கு அது போய்ச் சேர்ந்தது.

எல்லாம் பொன் என்று சொல்ல மாட்டேன். இப்போது வாசித்தால், பாதிக் கதைகளில் பெண் என்பவள் பரிசுப்பொருள். பாதி இராச்சியத்தோடு சேர்த்து இளவரசியையும் கொடுத்துவிடுகிறார்கள். சூனியக்காரிகளுக்குத்தான் சொந்தமாக ஒரு வேலையும் சொந்தமாக ஒரு குணமும் இருக்கின்றன. சாம்பலிலிருந்து எழுந்த பெண்ணை ஏன் கேட்கவில்லை என்று பத்து வயதில் அவள் கேட்டதை, நான் நாற்பது வயதில்தான் முழுதாகப் புரிந்துகொண்டேன். தமிழ் நடையும் சில இடங்களில் விறைப்பானது. ஆனால் அந்த விறைப்பில்தான் நான் முதன்முதலாக முழுமையான வாக்கியங்களைச் சந்தித்தேன் என்பதால், அதைக் குறை சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடுகிறது.

கல்யாணமாகி அவள் திருப்பதிக்குப் போனாள், நான் அரக்கோணத்துக்கு வந்தேன். அதே ரயில் பாதையின் இரண்டு பக்கம் என்பதால் போக்குவரத்துக்குக் குறைவில்லை, புத்தகமும் பையில் ஏறி இறங்கியது. சில ஆண்டுகள் என்னிடம், சில ஆண்டுகள் அவளிடம். அவளுடைய மகன் தெலுங்கு இதழ்களை மட்டும் படித்தான், என் மகள் படத்தோடு நிறுத்திக்கொண்டாள். பத்திரிகை 1998இல் நின்று, ஓராண்டு கழித்து மீண்டும் வந்து, 2007இல் மும்பை மென்பொருள் நிறுவனம் ஒன்றின் கைக்கு மாறி, சில ஆண்டுகளில் ஓசையின்றி நின்றுபோயிற்று. அந்தச் செய்திகளை நாங்கள் தூரத்துச் சொந்தத்தின் செய்தியாகத்தான் கேட்டோம். எங்களுக்கான ஓராண்டு எங்கள் கையில் இருந்தது.

அந்த ஓராண்டிலும் ஓர் ஏடு குறைவு. தெலுங்கு இதழ் ஒன்றில் வேதாளக் கதையின் கடைசித் தாள் பைண்டு செய்வதற்கு முன்பே கிழிந்து தொலைந்துவிட்டது. கேள்வி இருக்கிறது, அரசனின் விடை இல்லை. இரண்டு பேர் செய்த தியாகங்களில் எது பெரியது என்ற வழக்கமான கேள்விதான். அவள் ஒருவனைச் சொன்னாள், நான் இன்னொருவனைச் சொன்னேன்; தீர்த்துவைக்க அரசன் இல்லாததால் அந்த வழக்கு மட்டும் முடியவே இல்லை. பிள்ளை பெற்ற பிறகும், பெண்ணைக் கட்டிக்கொடுத்த பிறகும், பேச்சு ஓயும் வேளையில் யாராவது ஒருத்தி அதை எடுப்பாள்.

பழைய இதழ்கள் பல மொழிகளிலும் ஒளிவருடி இணையத்தில் ஏற்றப்பட்ட பிறகு, அதே மாதத்துத் தமிழ் இதழை நான் தேடிப் பிடித்தேன். படங்கள் எல்லாம் அதே இடத்தில் இருந்தன. கடைசிப் பக்கத்தில் விக்கிரமன் என் கட்சியைச் சொல்லியிருந்தான், நான் சொன்ன காரணத்தையே ஏறக்குறையச் சொல்லியிருந்தான். உடனே அவளைக் கூப்பிட்டு, பக்கத்தை முழுவதும் வாசித்துக் காட்டினேன். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"ராஜா தப்பாச் சொல்லியிருக்கான்" என்றாள்.

"தெரிஞ்சே தப்பாச் சொன்னா தலை வெடிச்சிருக்குமேடி?"

"தெரியாமச் சொல்லியிருப்பான். நீ படத்துல நல்லாப் பாரு, வேதாளம் சிரிக்குதா இல்லையா?"

பார்த்தேன். சிரித்தது. ஆனால் அது எல்லா மாதமும்தான் சிரிக்கும் என்று சொன்னேன். அதை அவள் ஏற்றுக்கொள்ளவில்லை; அடுத்த முறை வரும்போது எல்லா மாதத்துப் படத்தையும் எடுத்து வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறாள். புத்தகம் இப்போது அவளிடம்தான் இருக்கிறது.